அம்மன் வாசல் உப்பு

ராமக்காளின் முகத்தைவிட அவள் கைதான் எனக்கு முதலில் பழக்கம். மாரண்டஹள்ளிக் கடைத்தெருவில் எங்களுக்கு வளையல் கடை. என் வீட்டுக்காரர் முனாப் சரக்கு எடுத்து வருவார். வருகிற பெண்களின் கையைப் பிடித்து வளையல் ஏற்றிவிடுவது என் வேலை. கல்யாண வளையல் போட அவளைக் கூட்டி வந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு கையை மட்டும் நீட்டினாள். ரெண்டரை அளவுக் கை. காட்டு வேலை செய்த கைதான், ஆனாலும் மெத்தென்று வளைந்து கொடுத்தது. சோப்பு நுரை தடவாமலே இரண்டு கைக்கும் ஏற்றிவிட்டேன், ஒன்றுகூட உடையவில்லை. உடைந்திருந்தால் சகுனம் சரியில்லை என்று அவள் மாமியார் சின்னம்மாள் என்னை ஒரு வழி பண்ணியிருப்பார்.

மாப்பிள்ளை பெயர் மாது. ஊருக்கு மேற்கே கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, தக்காளி, ராகி. நல்லவன்தான், ஆனால் நாக்கு நீளம். குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவான் என்று சின்னம்மாள் புலம்புவார். ராமக்காள் வந்த பிறகு அந்தப் புலம்பல் நின்றது. அவள் கைப்பக்குவம் அவனுக்கு அப்படிப் பொருந்திப் போயிற்று. சந்தை நாளில் அவளை சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கடைக்குக் கூட்டி வருவான். வளையல் வாங்க என்பது பேச்சுக்கு. ஊரார் பார்க்கப் பெண்டாட்டியோடு சைக்கிளில் வர வேண்டும், அவ்வளவுதான் விஷயம். "ஏம்ப்பா மாது, போன வாரம் போட்ட வளையலே இன்னும் கையில கெடக்குதே" என்று நான் கேட்டால் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அவள் பிறந்தது தளிப் பக்கம். வீட்டில் பாதி கன்னடம், பாதி தமிழ். கல்யாணத்துக்கு முன்பு காசநோயில் படுத்துக் கிடந்த அப்பனுக்கு எல்லாப் பணிவிடையும் செய்தது அவள்தான். எச்சில் கிண்ணம் கழுவியது, நெஞ்சைத் தடவிவிட்டது, கடைசியில் கண்ணை மூடிவிட்டது எல்லாம் அவள். இங்கே வந்த பிறகு கன்னடத்தை இரண்டு காரியத்துக்கு மட்டும் வைத்திருந்தாள். ஒன்று கன்றுக்குட்டியைக் கொஞ்ச, இன்னொன்று மாமியாருக்குப் புரியாமல் முணுமுணுக்க. என்னிடம் பேசும்போது ஒரு வார்த்தை அடிக்கடி வரும். 'கொஞ்சம்' என்று அவள் சொல்லவே மாட்டாள், 'ஸ்வல்ப' என்பாள். "அக்கா, ஸ்வல்ப தண்ணி குடுங்க." "அக்கா, ஸ்வல்ப நவுந்து உக்காருங்க." அந்த வார்த்தை அவள் வாயில் வரும்போது கேட்க அழகாக இருக்கும்.

எண்பத்திரண்டாம் வருஷ வாக்கில் ஒரு நாள் என் சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஸ்வல்ப உப்பு இருக்குதுங்களா?" என்றாள். காகிதத்தில் மடித்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். மாங்காயோ வெள்ளரியோ வைத்திருக்கிறாள் என்று நினைத்தால், வெறும் உப்பை உள்ளங்கையில் கொட்டி நக்கித் தின்றாள். பிறகு வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். மசக்கைதான், வேறென்ன? கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிவிட்டதே. சின்னம்மாளும் அப்படித்தான் நினைத்து, கூடை நிறையப் புளியங்காய் பறித்து வந்தார். மாதங்கள் போயின. வயிறு பெருக்கவில்லை. உப்பு ஆசை மட்டும் போகவில்லை.

அதற்குப் பிறகு ராமக்காள் கருக்கத் தொடங்கினாள். வெயிலில் நிற்பவள் கருக்க மாட்டாளா என்று ஊர் சொன்னது. வெயில் படாத இடமும் கருத்தது. முட்டி, கணு, பழைய தழும்பு. வளையல் ஏற்றும்போது பார்க்கிறேன், உள்ளங்கை ரேகைகள் பேனாவால் கோடு இழுத்த மாதிரி இருந்தன. மருதாணியா என்று கேட்டேன். இல்லையாம். கையும் இளைத்துவிட்டது. ரெண்டரை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. ரெண்டேகால் போட்டுவிட்டேன். உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாள். தக்காளி பறிப்பதில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்தவள், ஒரு கூடை நிறைவதற்குள் வரப்பில் சாய்ந்துவிட்டாள்.

டானிக் குடித்தாள், ரத்தத்துக்கு மாத்திரை தின்றாள், மந்திரித்த கயிறு கட்டினாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றது ஒன்று. மாதுவுக்கு வேறு பெண் பார்க்க வேண்டியதுதான் என்றது இன்னொன்று. அந்த இரண்டாவது வாயை மாது ஒரு நாள் டீக்கடையில் வைத்து அறைந்தே விட்டான். அறை வாங்கியது அவனுடைய சொந்தச் சித்தப்பன். எனக்கு அன்றைக்கு அவன்மேல் இருந்த மரியாதை இன்னும் கொஞ்சம் கூடியது.

எண்பத்து நாலு தை மாதம் ராமக்காள் படுத்த படுக்கையானாள். மாது மாரியம்மன் கோயில் பூசாரி காளியப்பனிடம் போய் நின்றான். எங்கள் பக்கத்து வேண்டுதல் வழக்கம் ஊருக்கே தெரிந்தது. எதன்மேல் ஆசை அதிகமோ அதை விட வேண்டும். வெற்றிலையில் ஆசையுள்ளவர் வெற்றிலையை விடுவார், கறியில் ஆசையுள்ளவர் கறியை விடுவார். ஆசையில்லாததை விட்டால் அம்மன் ஏமாறுவாளா? காளியப்பன் அதையே கேட்டார்.

"அவளுக்கு எதும்மேலப்பா ஆசை?"

"உப்பு ஒண்ணுதானுங்க. வேற எதையும் வாய் தொறந்து கேட்டதில்லீங்க."

"அப்ப உப்ப வுட்ரட்டும். தை அமாவாசையில தொடங்கி மாசித் திருவிழா முட்டும்."

மாது அதோடு நிற்கவில்லை. தானும் விடுவதாகக் கற்பூரம் அடித்துச் சொல்லிவிட்டு வந்தான். உப்புக்காகத் தட்டைத் தள்ளுகிறவன்! வீட்டில் உப்புப் பானையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார்கள். நான் பார்க்கப் போனபோது ராமக்காள் சப்பென்ற ராகிக் களியைக் கஷ்டப்பட்டு விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"முடியுதா ராமு?" என்றேன்.

"அவரே வுட்டுட்டாருங்கக்கா. எனக்கோசரம். நான் வுட மாட்டனா?"

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. இப்படி ஒருவன் ஒருத்திமேல் உயிராக இருக்கிறானே என்றுதான் அப்போது நினைத்தேன்.

திருவிழாவுக்குக் கோயில் வாசலில் எங்கள் கடை வருஷா வருஷம் உண்டு. அந்த அம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டுவது வழக்கம். மரு, தேமல், சொறி, உடம்பில் எந்த அடையாளம் வந்தாலும் பலிபீடத்தில் உப்பும் மிளகும் கொட்டிக் கும்பிட்டால் உப்பு கரைகிற மாதிரி அதுவும் கரைந்துவிடும் என்பார்கள். கொட்டியதை யாரும் தொடக் கூடாது. கொட்டினவர்களின் நோவெல்லாம் அதில் இருக்கிறதாம். மறுநாள் பூசாரியே துடைப்பத்தால் கூட்டிக் குழியில் தள்ளுவார். பலிபீடம் எங்கள் கடைக்கு நேர் எதிரே. மத்தியான வெயிலில் அது வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது.

மாது அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தான். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தாள். உதடு கருத்து வெடித்திருந்தது. நடக்க நடக்க ரெண்டேகால் வளையலும் மணிக்கட்டைத் தாண்டி விரல் முட்டிவரை சரிந்து வந்தது. சின்னம்மாள் உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார். ராமக்காள் குனிந்து கொட்டினாள். கொட்டிய கை திரும்பி வரவில்லை. அந்தக் குவியலுக்குள் விரலை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

யாரோ ஒருத்தி அலறினாள். "ஐயோ, ஊரு நோவெல்லாம் வாயில போட்டுகிட்டாளே!"

ராமக்காளுக்கு எதுவும் காதில் விழவில்லை. இன்னொரு பிடி. கடவாயில் உப்பு வழிய வழியத் தின்றாள். சாமி வந்திருக்கிறது என்றார்கள் சிலர், பேய்தான் என்றார்கள் சிலர். ஒருத்தர் தப்பட்டைக்காரரைப் பார்த்து அடிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். மாது அவள் வாய்க்குள் விரலை விட்டு உப்பை வழிக்கப் பார்த்தான். அவன் விரலைக் கடித்துவிட்டாள். கடித்துவிட்டு, பச்சைப் பிள்ளை பாலுக்கு அழுகிற மாதிரி அவன் முகத்தைப் பார்த்து, "ஸ்வல்ப... ஸ்வல்ப..." என்றாள். அப்படியே வாந்தி எடுத்து, அவன் கைமேலேயே துவண்டு விழுந்தாள். வேப்பிலைத் தண்ணீரை முகத்தில் அடித்தார்கள். கண் திறக்கவில்லை.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. வளையல் பெட்டியைத் தாண்டிக் குதித்து ஓடினேன். "சாமி வந்தா வரட்டும், பேய் வந்தா வரட்டும், மொதல்ல ஒரு வண்டி வரட்டும்யா!" என்று கத்தினேன். முனாப் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய், தருமபுரிக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு நின்ற டெம்போவை மறித்தார். கூடைகளை இறக்கி வழியிலேயே அடுக்கிவிட்டு அவளைக் கிடத்தினோம். பாலக்கோடு தாண்டி தருமபுரி போய்ச் சேரும்வரை மாது அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கடிபட்ட விரலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு நடுவயதுக்காரர், கண்ணாடி போட்டவர். ரத்த அழுத்தம் பார்த்தார், மறுபடி பார்த்தார். குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடச் சொன்னார். "இன்னைக்கு என்ன சாப்பிட்டாங்க?" என்று மாதுவைக் கேட்டார்.

மாது தலையைக் குனிந்துகொண்டான். அவன் பயம் எனக்குப் புரிந்தது. உள்ளதைச் சொன்னால் பைத்தியம் என்று எழுதிக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அம்மன் கோபத்தில்தான் இவள் சாகப் போகிறாள், அதை டாக்டர் என்ன செய்வார் என்று அதைவிடப் பெரிய பயம்.

"சொல்லுங்க, வாந்தியில என்ன வந்துச்சு? மருந்து கிருந்து குடிச்சாங்களா?" டாக்டர் குரல் ஏறியது.

"மாது, வாயத் தொற. உசுரு போவுது அங்க" என்றேன்.

"உப்புங்க" என்றான். குரல் உடைந்துவிட்டது. "சாமிக்குக் கொட்டுன உப்புங்க. கையால அள்ளி அள்ளித் தின்னுட்டாளுங்க. எப்பவும் இப்பிடி இல்லீங்க சார், நல்ல பொம்பளைங்க."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "உப்பு மேல ஆசை இன்னைக்குத்தானா, முன்னாடியே உண்டா?"

"ரெண்டு வருசமாவே உண்டுங்க. வெறும் உப்பத் தின்னுவா" என்று நான் சொன்னேன். அவர் எழுந்து போய் ராமக்காளின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். ஈறெல்லாம் கருநீலமாக இருந்தது. உள்ளங்கையை விரித்து ரேகையைப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று கேட்டார். அவள் அப்பனைப் பற்றிச் சொன்னேன். உடனே நர்ஸைக் கூப்பிட்டு ஒரு ஊசியைப் போடச் சொன்னார். அது என்ன ஊசி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பிறகு எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். சிறுநீரகம் இரண்டின் தலையிலும் தொப்பி மாதிரி ஒவ்வொரு சுரப்பி உண்டாம். கட்டைவிரல் அளவுதானாம். அது சுரந்தால்தான் உடம்பில் உப்பு நிற்கும், எழுந்து நிற்கத் தெம்பு இருக்கும். அப்பனிடமிருந்து ஒட்டிய காசநோய் நெஞ்சை விட்டுவிட்டு இவளுடைய அந்தச் சுரப்பிகளை அரித்துத் தின்றிருக்கும்போல. ரத்தத்தை பெங்களூருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும், ஆனால் தனக்குச் சந்தேகமில்லை என்றார். சுரப்பு குறைந்தால் தோல் கருக்குமாம்.

"சுரப்பி வேலை செய்யலேன்னா உப்பு மூத்திரத்துலயே போயிடும். அதனாலதான் உடம்பு உப்பு உப்புன்னு கேட்டிருக்கு. இந்த ரெண்டு வருஷம் அவங்களைத் தாக்குப் பிடிக்க வச்சதுல அந்த உப்புக்கும் பங்கு உண்டு. சமீபத்துல குறைச்சீங்களா?"

"ஒரு மாசமா உப்பே இல்லீங்க சார்" என்றான் மாது. "வேண்டுதலுங்க. நான்தான் வேண்டுனேன்."

டாக்டர் அவனைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாது எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தேம்பினான். நான் பக்கத்தில் போனேன்.

"நான்தாங்கக்கா கொன்னுருக்கறேன். அவ கேட்ட ஒண்ணே ஒண்ணு அது. அதையும் புடுங்கிக்கிட்டேன்."

"கிறுக்கா" என்றேன். "நீயும்தானே தின்னாம கெடந்த? அவமேல ஆசையில்லாதவன் அப்பிடிக் கெடப்பானா? அழுவுறத வுட்டுட்டு உள்ள போ, கண்ண முழிச்சா உன்னத்தான் தேடுவா." சொன்னேனே தவிர எனக்கும் அழுகை நிற்கவில்லை. அல்லாவையும் அவன் அம்மனையும் சேர்த்தே கூப்பிட்டேன், யார் காதில் முதலில் விழுந்தாலும் சரியென்று.

மறுநாள் காலையில் ராமக்காள் கண் விழித்தாள். விழித்ததோடு இல்லை, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். படுத்துக் கிடந்தவளா இவள் என்று இருந்தது. மாதுவின் விரல் கட்டைப் பார்த்து, "கையில என்னாங்க?" என்றாள். தான் கடித்தது அவளுக்கு நினைவில்லை. "தக்காளிக் கூடை கீறிடுச்சு" என்றான். கஞ்சி வந்தது. அவன் வெளியே ஓடி டீக்கடையில் கெஞ்சி ஒரு காகிதத்தில் உப்பு வாங்கி வந்து, தன் கையாலேயே அள்ளிப் போட்டுக் கலக்கினான்.

பெங்களூரிலிருந்து முடிவு வந்தது, டாக்டர் சொன்னதேதான். காசநோய்க்கு ஒரு மருந்து. சுரப்பிக்குப் பதிலாக உயிர் இருக்கிற வரைக்கும் தினமும் மாத்திரை. ஒரு நாளும் நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டும், வாந்தி வந்தால் அன்றைக்குப் போட்ட அதே ஊசிக்கு உடனே ஓடி வர வேண்டும், உப்பு தாராளமாகச் சேர்க்க வேண்டும். மாது மாத்திரை அட்டையை மூன்று இடத்தில் வைத்தான். வீட்டு மாடத்தில் ஒன்று, சைக்கிள் பெட்டியில் ஒன்று, என் கடையில் ஒன்று. எங்கள் ரெண்டேகால் வளையல் டப்பா ஒன்றில் வெகு நாள் மாத்திரைதான் இருந்தது. வளையல் கேட்டு வந்த பெண்களுக்கு அதைத் தெரியாமல் திறந்து காட்டி நான் பலமுறை அசடு வழிந்திருக்கிறேன்.

ராமக்காளுக்குக் கருப்பு மெல்ல வடிந்தது. சதை பிடித்தது. முகம் கொஞ்சம் உப்பலாக இருந்தது, மாத்திரையின் வேலை. ரெண்டரை வளையல் மறுபடி கையில் நின்றது. தக்காளி பறிக்கப் போனாள். கன்றுக்குட்டியோடு கன்னடம் பேசினாள். எல்லாம் சரியானது, ஒன்றைத் தவிர. மாது உப்பைத் தொடவில்லை.

"அவ பங்கு வேண்டுதல் பாதியில முறிஞ்சு போச்சுங்கக்கா. டாக்டரு அவ உப்பு திங்கோணும்னுட்டாரு. அவ பங்கையும் நான்தான கட்டோணும்? அடுத்த திருவிழா முட்டும் நான் தொட மாட்டேன்."

"அம்மன் உங்கிட்ட வந்து கேட்டாளா?"

"கேக்காட்டி என்னாங்க, நான் சொன்னது சொன்னதுதானுங்க."

எங்கள் நோன்பு ஒரு மாதம். அதுவும் பொழுது சாய்ந்தால் கஞ்சி உண்டு. இவன் வருஷம் முழுக்கச் சப்பென்று தின்றான். ராமக்காள் கன்னடத்தில் திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். ஒரு நாள் அவனுக்குத் தெரியாமல் குழம்பில் இரண்டு கல் போட்டாள். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டான், சும்மாவா, அந்த நாக்கு! தட்டைத் தள்ளவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து வெறும் களியைத் தின்றானாம். அதற்குப் பிறகு அவள் இரண்டு சட்டியில் ஆக்கினாள். அவளுக்கு உப்பு தூக்கலாக ஒன்று, அவனுக்கு உப்பே இல்லாமல் ஒன்று. டீக்கடையில் அவனோடு சண்டை வந்தால், சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்று யாரும் கேட்க முடியாமல் போயிற்று.

எண்பத்தைந்து மாசித் திருவிழா. கோயில் வாசலில் அதே இடத்தில் எங்கள் கடை. மாது ஒரு மூட்டை உப்பைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். கூடவே ராமக்காள், மஞ்சள் சேலை, கை நிறைய நான் போட்டுவிட்ட பச்சை வளையல். பலிபீடத்தில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினான். அது மற்றவர்கள் கொட்டிய உப்போடும் மிளகோடும் கலந்து முழங்கால் உயரத்துக்குக் குவிந்தது. இருவரும் விழுந்து கும்பிட்டார்கள். காளியப்பன் விபூதி கொடுத்தார்.

எழுந்தவள் குவியல் பக்கம் குனிந்தாள். போன வருஷம் பார்த்தவர்கள் சட்டென்று பின்னால் நகர்ந்தார்கள். சின்னம்மாள், "வேணாண்டி" என்று கையைப் பிடிக்கப் போனார். ராமக்காள் ஒரு சிட்டிகை உப்பை எடுத்தாள். தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மாதுவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

ஊர் நோவெல்லாம் அதில் இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும். ஒரு கணம் அவள் கையைப் பார்த்தான். பிறகு அத்தனை பேர் பார்க்க வாயைத் திறந்தான். அவள் அவன் நாக்கில் வைத்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு பட்ட உப்பு, முகம் சுளித்துக்கொண்டது, கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"கரிக்குதுங்களா?" என்றாள்.

"கரிக்குது" என்றான். துடைத்துக்கொள்ளாமல் அப்படியே அவள் முன்னால் கையை நீட்டினான்.

"இன்னும் ஸ்வல்ப குடு."